வியாழக்கிழமை இரைச்சல்

திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் பசு மாதிரி சாதுவாக இருக்கும் லேசருக்கு வியாழக்கிழமை மதியமானால் மட்டும் என்ன பிடித்துக்கொள்கிறது என்று நோரீன் டியர்னிக்குப் புரியவே இல்லை. முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தாள். பிறகு கண்ணாடிக் குழாயை. பிறகு குழாய்க்குள் அடைத்த வாயுவை. எல்லாம் நிரபராதிகள் என்று ஆன பிறகு தன் மூளையைச் சந்தேகிப்பதுதான் பாக்கி.

சிட்னியில், ரெட்ஃபெர்ன் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஓர் அரசு ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில் அந்த லேசர் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருடம். லேசர் என்ற சொல்லையே ஊரில் பாதிப் பேர் கேள்விப்பட்டிராத காலம். ஒரு கை நீளக் குழாய். அதற்குள் ஹீலியமும் நியானும். இரண்டு முனையிலும் கல்மேடையில் நிறுத்திய கண்ணாடிகள். அங்கே பிறக்கும் சிவப்பு ஒளி, செங்கல் சுவரில் போட்ட துளை வழியாக அடுத்த அறைக்குப் போய், ஒளியை மின்சாரமாக மாற்றும் ஒரு சின்ன உணர்கருவியில் விழும். அளக்கிற கருவிகளின் தொந்தரவு லேசரை அண்டக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு.

கண்ணுக்கு அது அசையாத சிவப்புப் பொட்டு. ஆனால் ஒரு நொடிகூட அது ஒரே அளவில் எரிவதில்லை. கூடும், குறையும், துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பில் எது ஒளியின் பிறவிக்குணம், எது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று பிரித்துச் சொல்வதுதான் நோரீனின் வேலை. துடிப்பின் வேகவாரியாகப் பேனா ஒன்று காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே வரும். அந்தக் கோட்டில் எந்த முள் மின்கம்பியின் ரீங்காரம், எது மாடியில் ஓடும் பம்பு, எது சரக்கு ரயில் என்று அவளுக்கு அத்துப்படி. அடையாளம் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: வியாழக்கிழமை மதியம் மட்டும் கோட்டின் நடுவில் எழும்பும் ஒட்டக முதுகு போன்ற ஒரு மேடு.

அதிலும் வேடிக்கை, வியாழக்கிழமை மதியம் அவள் அங்கே இருப்பதே இல்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கப் போய்விடுவாள். பேனா தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மேடு.

"உன்மேல அதுக்கு ஒரு இது, நோரீன்," என்பான் கோலின். மின்கருவிகள் செய்பவன், வாய் ஓயாதவன். "நீ பக்கத்துல இல்லைன்னா மனசு ஒடைஞ்சு போயிடுது பாவம்."

"உன் பவர் சப்ளைதான் ஒடைஞ்சிருக்கு."

"அதை நீ மூணு தடவை கழட்டிப் பாத்தாச்சு தாயே. ஹங்கேரிக்காரன்கிட்ட போய்ச் சொல்லு. கேஸ்ல குப்பையா இருக்கும்."

ஹங்கேரிக்காரன் என்றால் டிபோர் ஹலாஸ். ஆய்வகத்தின் கண்ணாடி வேலைக்காரன். அவன் ஊதிய குழாய்தான் அது. நோரீன் போய்ச் சொன்னாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் குழாயை இறக்கி, சூடேற்றி, உள்ளேயிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து, புது வாயு அடைத்துக் கொடுத்தான். அடுத்த வியாழக்கிழமையும் மேடு வந்தது. திரும்பச் சொன்னாள். திரும்பச் செய்தான். "வேற என்ன வேணும், மிஸ் டியர்னி?" என்று எல்லார் முன்னாலும் மரியாதையாகக் கேட்டான்.

மிஸ் டியர்னி என்பது ஊருக்கு. இரண்டு வருடத்துக்கு முன் வுல்லங்காங் பதிவு அலுவலகத்தில், பக்கத்து மீன் கடையில் நின்ற முன்பின் தெரியாத இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிவந்து, அவர்கள் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். அரசு வேலையில் இருக்கும் பெண் கல்யாணம் செய்தால் அன்றைக்கே அவள் நிரந்தர வேலை போய்விடும், அதுதான் சட்டம். அதனால் என்மோரில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பினாலும் அவள் ஒரு பஸ், அவன் அடுத்த பஸ். தாலி கட்டும் வழக்கம் இல்லாத ஊரில் மோதிரம்தான் கல்யாணம். அது சமையலறை ஜன்னலில், ரொட்டியில் தடவும் வெஜிமைட்டின் காலிப் பாட்டில் ஒன்றுக்குள் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரலுக்கு வரும்.

டிபோருக்கு இந்த ஒளிவுமறைவு பழகிய சங்கதிதான். புடாபெஸ்டில் மாடிக்குடியிருப்பின் காவல்காரி ஒருத்தி போட்டுக் கொடுத்து அவன் அப்பாவைப் போலீஸ் கூட்டிப்போனது, மனிதர் திரும்பவில்லை. இங்கே வந்து ஏழு வருடமாகியும் அவன் அண்டைவீட்டாரிடம் வானிலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

நவம்பரில் பரீட்சைகள் தொடங்கின. அந்த வியாழக்கிழமை பல்கலைக்கழகம் போய்ப் பார்த்தால் வகுப்பு ரத்து. ஜக்கராண்டாப் பூ கொட்டிக்கிடந்த பாதையில் நடந்தே ஆய்வகத்துக்குத் திரும்பினாள் நோரீன். கீழ்த்தளத்தில், அளக்கும் கருவிகள் இருந்த அறையில் கோலின் மட்டும் இருந்தான். பேனா கோடு போட்டுக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடு எழும்ப ஆரம்பித்தது.

"கோலின்! இங்க வா, இங்க வா! நான் இருக்கேன், அப்பவும் வருது பாரு!"

"அப்ப காதல் இல்லை," என்றான் கோலின். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எத்தனை மாசமா இதைக் கண்ணால பாத்துக்கிட்டே இருக்க. ஒரு தடவை காதால கேட்டாத்தான் என்ன? ஸ்பீக்கர் ஒண்ணு கெடக்கு, தரேன்."

ஏதோ உடைந்த ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, உணர்கருவியின் கம்பியை ஒரு ஆம்ப்ளிஃபையர் வழியாக அதில் சொருகிவிட்டு, பசிக்கிறது, இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்று வாங்கிவருகிறேன் என்று படியேறிப் போனான்.

நோரீன் குமிழைத் திருப்பினாள். தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல். அதனடியில் மின்கம்பியின் ரீங்காரம். இன்னும் திருப்பினாள். மழைக்கு அந்தப்பக்கம் யாரோ கம்பளிக்குள் தலையைவிட்டுப் பேசுகிற மாதிரி ஒரு குரல் கேட்டது.

சே, ரேடியோ ஸ்டேஷன் பிடிக்கிறது என்றுதான் நினைத்தாள். கோலினின் ஸ்பீக்கருக்குப் பழைய புத்தி போகவில்லை. ராண்ட்விக் குதிரைப் பந்தயமாக இருக்கும். கம்பியை ஆட்டிப் பார்த்தாள். குரல் போகவில்லை. ரேடியோவாக இருந்தால் ஒளிக்கும் அதற்கும் சம்பந்தமிருக்காது அல்லவா? உள்ளங்கையைச் சிவப்புக் கோட்டின் குறுக்கே நீட்டினாள். குரல் அறுந்தது. கையை எடுத்தாள். குரல் வந்தது.

குரல் ஒளியில்தான் இருந்தது.

"...நெம், நெம், டாக்டர்..."

மறுத்துப் பேசும்போதெல்லாம் 'இல்லை' என்பதற்குத் தன் மொழியில் அப்படி இரண்டு தடவை சொல்கிறவன் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவன்தான்.

லேசர் அறையில் டிபோர் பேசுகிறான். அவன் குரல் காற்றை அசைக்கிறது. காற்று கண்ணாடிகளை மயிரிழை அசைக்கிறது. கண்ணாடி அசைந்தால் ஒளி கூடிக் குறைகிறது. மேடு ஏன் அந்த அகலத்தில் இருந்தது? மனிதக் குரலின் அகலம் அதுதான்! இத்தனை மாதமாகப் பேனா எழுதிக்கொண்டிருந்தது பேச்சை! நோரீனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குதித்துக் கத்தலாம் போல் இருந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

"இன்னும் எவ்வளவு நாள்? போன குளிர்காலத்துலயே முடிச்சுடறேன்னு சொன்னீங்க."

"அவசரப்படாத, ஹலாஸ்." இது டாக்டர் ஹெட்லி பாஸ்கோ, பிரிவின் தலைவர். பிரார்த்தனை சொல்வதுபோல் நிதானமாகப் பேசுகிறவர். "மெல்பர்ன் மாநாடு முடியட்டும். அந்த இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னு உன் பொண்டாட்டி கண்டுபிடிச்சுட்டா வேலை முடிஞ்ச மாதிரி. அப்புறம் எனக்கு விஷயம் தெரியவரும்."

"எப்படித் தெரியவரும்?"

"யாரோ சொன்னாங்கன்னு. உன் பேரு எங்கயும் வராது. சட்டம் அவளை அனுப்பும். நீயும் அனுப்பலை, நானும் அனுப்பலை."

"நானா கேட்டா அவ வேலையை விடமாட்டா, டாக்டர். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே சொல்லிட்டிருக்கா. எனக்கு வீட்டுல ஒரு கொழந்தை அழுவுற சத்தம் கேக்கணும். அவ்வளவுதான்."

"கேக்கும், கேக்கும். பிஸ்கட் எடுத்துக்க."

நோரீன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. 'அடுத்த வருஷம்' என்று அவள் சொன்னது என்மோர் வீட்டின் படுக்கையறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அவன் காதோடு சொன்னது. அது இப்போது செங்கல் சுவரைத் தாண்டி, மழைச் சத்தத்துக்கு நடுவே, ஒரு பிஸ்கட்டோடு சேர்ந்து வருகிறது. தப்பாகக் கேட்டிருப்போமோ என்று குமிழை இன்னும் திருப்பினாள். ஸ, ஷ எல்லாம் தேய்ந்துபோய்த்தான் வந்தன. ஆனால் தப்பில்லை. இரண்டு பேரும் இப்போது மாநாட்டுத் தேதியைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து போய் லேசர் அறைக் கதவைத் திறந்தாள்.

பாஸ்கோ ஒரு மரப்பெட்டிமேல் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். டிபோர் கல்மேடையில் சாய்ந்திருந்தான். இரண்டு பேர் வாயும் ஒரே சமயத்தில் மூடியது.

"வகுப்பு இல்லையா, மிஸ் டியர்னி?" என்றார் பாஸ்கோ.

"இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"அட!" அவர் கோப்பையைக் கீழே வைத்தே விட்டார். என்ன சொன்னாலும் அவர் இயற்பியல்காரர். "எங்கேர்ந்து?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே கேக்கணும், வாங்க." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "டிபோர், நீ இங்கயே இரு. நாங்க போனதும் ஏதாவது பேசிக்கிட்டே இரு. ஒண்ணு ரெண்டு எண்ணினாக்கூடப் போதும்."

ஆய்வகத்தில் அவள் அவனை டிபோர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் விழித்தான்.

பாஸ்கோவை ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்தாள். மழை இரைந்தது. பிறகு உள்ளேயிருந்து, கம்பளி போர்த்திய குரலில், "எஜ்... கெத்தோ... ஹாரோம்..." என்று ஹங்கேரி மொழியில் எண்கள் வந்தன.

பாஸ்கோவின் முகம் பிள்ளை முகமாக மலர்ந்தது. "கடவுளே! ஹலாஸ்! இது ஹலாஸ்தானே? கண்ணாடிதான் ஆடுது! குரல்ல ஆடுது! நோரீன், இதைவிட அழகா... அப்படின்னா வியாழக்கிழமையெல்லாம் அந்த மேடு... அந்த மேடு நாங்கதா..."

அதற்குமேல் அவரால் போக முடியவில்லை. மலர்ந்த முகம் அப்படியே நின்றது. உதடு திறந்தபடி இருந்தது. அந்த முகம் வெளிறிப்போவதை நோரீன் நின்று பார்த்தாள்.

"எவ்வளவு கேட்டீங்க?" என்றார், மெதுவாக.

"பிஸ்கட் வரைக்கும்."

ஸ்பீக்கரில் எண்கள் நின்றுபோயின. அந்தப்பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தவனுக்கும் கணக்குப் புரிந்துவிட்டது போலும். மழை மட்டும் இரைந்தது. பிறகு, "நோரி?" என்றது குரல். "நோரி, நீ கேட்டியா? எல்லாத்தையும் கேட்டியா?"

இங்கிருந்து பதில் சொன்னால் அவனுக்குக் கேட்காது. ஒளி ஒருபக்கம்தான் வருகிறது. அவள் கையை நீட்டிச் சிவப்புப் புள்ளியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். அறை அமைதியானது.

"மிஸ் டியர்னி, இதை நாம கொஞ்சம் நிதானமா..."

"மிஸஸ் ஹலாஸ்."

"தற்காலிக வேலையா மாத்திக்கலாம். மாநாடு வரைக்குமாவது. உங்க அளவு மாதிரி யாராலயும்..."

"இரைச்சல் தெரிஞ்சுட்டா வேலை முடிஞ்ச மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க, டாக்டர். தெரிஞ்சுபோச்சு. யாரும் உங்ககிட்ட வந்து எதுவும் சொல்ல வேண்டாம். நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

படியில் கோலின் இறைச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டே எதிரே வந்தான். "என்ன, பேய் கீய் பாத்தியா? ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்க?" அவள் நிற்கவில்லை. மாடியில் நிர்வாகப் பிரிவில் ஒரு நடுவயதுப் பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எனக்குக் கல்யாணமாகிவிட்டது, பதிந்துகொள்ளுங்கள் என்றாள் நோரீன்.

"ஐயோ, ரொம்ப சந்தோஷம் கண்ணு! எப்போ?"

"ரெண்டு வருஷம் முன்னாடி."

அந்த அம்மாள் தட்டச்சிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். யார் மாப்பிள்ளை என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "வேலை போயிடுமேம்மா," என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் டிபோர் நடந்தே வீட்டுக்கு வந்தான். அவள் படுக்கைமேல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"ஏன்?" என்றாள் நோரீன். மதியத்திலிருந்து அவளிடம் இருந்த ஒரே வார்த்தை அதுதான்.

"நேரா கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு வாய் இருந்திருக்கும் இல்ல? நீ அந்தக் குழாயை எத்தனை தடவை எனக்காக நிரப்பின? மூஞ்சியைப் பாத்து, வேற என்ன வேணும் மிஸ் டியர்னின்னு கேட்ட. அன்னிக்கு மத்தியானம் போய் அவரோட உக்காந்து..."

"அந்த இரைச்சல் நான்தான்னு சத்தியமா எனக்குத் தெரியாது, நோரி."

"அதுவா இப்ப குத்தம்!"

அவன் தலையைக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்து அவளே பயந்துபோனாள். எதையோ அப்போதுதான், முதல்தடவையாக, பார்த்துவிட்டவனின் முகம்.

"எங்க ஊர்ல இதுக்கு ஒரு பேர் உண்டு," என்றான். "அந்தக் காவல்காரியைக் கூப்பிட்ட பேர். எங்கம்மா சாகறவரைக்கும் அந்தப் பேரை வாயால சொல்லலை."

அவன் அங்கேயே படியில் உட்கார்ந்து விம்ம ஆரம்பித்தான். நோரீனுக்கு அவன் தலையைத் தொட வேண்டும் போலவும் இருந்தது, எட்டி உதைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள்.

கிளீபில் ஒரு வாடகை அறை கிடைத்தது. பல்கலைக்கழகம் அந்தச் சட்டத்துக்குள் வராது. அவளுடைய வியாழக்கிழமை வகுப்பைப் பார்த்திருந்த பேராசிரியர் ஒருவர், எந்தக் கேள்வியும் கேட்காமல், கற்பிக்கும் வேலை ஒன்று கொடுத்தார். கோடை முழுவதும் அவளுக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. கோபம் வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கோபம் வரவில்லை, எதன்மேல் நின்றுகொண்டிருந்தாளோ அது தரையே இல்லை என்று சொல்லப்பட்டவள் மாதிரி, காப்பிக்கடையில், பஸ்ஸில், வகுப்பில், திடீர் திடீரென்று கால் நழுவியது. ஸ்டேஷனில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திப் பேசினால் நடைமேடையின் மறுகோடிக்குப் போய்விடுவாள்.

பிப்ரவரியில் கோலின் வந்தான், மெல்பர்ன் மாநாட்டுச் செய்தியோடு. லேசர் அறையைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கி, சுவரெல்லாம் கம்பளி அறைந்துவிட்டார்களாம்.

"பாஸ்கோ நல்லாத்தான் பேசினாரு. உன் பேரை ரெண்டு தடவை சொன்னாரு. கடைசில ஒரு அடிலெய்டுக்காரன் எந்திரிச்சு, அந்த மத்தியான மேட்டுக்குக் காரணம் என்னன்னு கேட்டான் பாரு!" கோலின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, பிரார்த்தனைக் குரலில், "'வெளிப்புற ஒலித் தொந்தரவு, ஐயா' அப்படின்னாரு. காது ரெண்டும் பீட்ரூட்."

நோரீன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. கோலின் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

டிபோர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளீபுக்கு வந்தான். அவள் உள்ளே கூப்பிடவில்லை. முன்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவான். சில வாரம் பேசாமலே போவான். இலையுதிர் காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு வேலையை விடப்போறேன். லைக்கார்ட்ல நியான் போர்டு செய்யற பட்டறையில கேட்டிருக்கேன். இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

"எதுக்கு விடற?"

"அந்த அறைக்குள்ள என்னால போக முடியலை. வாயைத் திறக்கவே பயமா இருக்கு."

"எனக்காகன்னு சொல்லாத."

"சொல்லலை. எனக்காகத்தான்."

அவள் அன்று அவனுக்குத் தேநீர் கொடுத்தாள். என்மோருக்குத் திரும்பிப்போனது ஆகஸ்டில். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அந்த வார்த்தையை இரண்டு பேருமே உபயோகிக்கவில்லை. அடுத்த வருடக் கடைசியில் அந்தச் சட்டம் நாடு முழுக்க நீக்கப்பட்டது. வேலைக்குத் திரும்பி வரும்படி பாஸ்கோ கோலினிடம் சொல்லியனுப்பினார், அவள் போகவில்லை. குழந்தை அதற்கும் அடுத்த வருடம் பிறந்தது, அவள் தன் ஆராய்ச்சிப் பட்டத்தை முடித்து, இப்போது பெற்றுக்கொள்ளலாம் என்று அவளே ஒரு காலைச் சாப்பாட்டின்போது சொன்ன பிறகு. பெண் குழந்தை. தெருவே எழுந்துகொள்கிற மாதிரி அழுதது.

அந்த வீட்டுக்குத் தொலைபேசி வந்தபோது நடைவழியில் வைத்தார்கள். டிபோர் யாரிடம் பேசினாலும், நியான் போர்டுக்கு விலை பேசினாலும், சிரித்துப் பேசினாலும், சமையலறைக் கதவை முதலில் அகலத் திறந்துவைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான். குளிர்காலத்தில் ஈரக்காற்று நேரே அடுப்படிக்கு வரும். நோரீன் ஒருநாளும் அந்தக் கதவைச் சாத்தச் சொன்னதில்லை.